கறுப்பு வெள்ளைக்கு ஒரு ஒத்திகை

திண்டுக்கல்லில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் எந்தப் பொருளையும் நேரே கடைக்குப் போய் வாங்கிய மனிதர் இல்லை. முதலில் அந்தப் பொருள் வீட்டுக்கு வந்துவிட்டது போலவே நடந்து பார்ப்பார். ஒத்திகை முடிந்து, மனசு ஒப்பின பிறகுதான் கடை. பல பொருள்கள் ஒத்திகையோடு நின்றுபோனதும் உண்டு.

வங்கி மாற்றலில் வந்து பழனி ரோட்டுப் பக்கம் வீடு தேடிக்கொண்டிருந்தபோது அவர் வீட்டு மாடி காலியாக இருந்தது. பார்த்தேன், பிடித்துவிட்டது, அட்வான்ஸை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“பொறுங்கம்மா. ஞாயித்துக்கெழம காலையில வந்து சாயங்காலம் வரைக்கும் இருந்து பாருங்க. மோட்டார் சத்தம், பக்கத்து வீட்டு நாயி, வெயிலு எந்தப் பக்கம் அடிக்கிதுன்னு எல்லாம் பாத்துட்டு அப்பறம் சொல்லுங்க. வந்த பெறகு ஒத்து வரலேன்னா ரெண்டு பேருக்கும் சங்கடம்.”

அப்படியாக ஒரு ஞாயிறு முழுவதும் வெறும் வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தேன். நாய் குரைக்கக்கூட இல்லை. மதியம் அவருடைய மனைவி ஒரு தட்டில் சோறும் வாழைக்காய் வெஞ்சனமும் கொண்டுவந்து வைத்தார். “தப்பா நெனச்சுக்காத கண்ணு. அவருக்கு இது ஒரு சீக்கு. மருந்து இல்ல” என்றார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அக்காவுக்குப் பிறந்த ஊர் பழனி பக்கத்து ஆயக்குடி. கல்யாணமாகி முப்பது வருஷம் திண்டுக்கல்லில் இருந்தும் பேச்சு மட்டும் ஊரைவிட்டு வரவில்லை.

நான் வாங்கிவிட்டுப் பிறகு வருத்தப்படுகிற ரகம். அவர் வருத்தமெல்லாம் பட்டு முடித்துவிட்டுப் பிறகு வாங்குகிற ரகம். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனதுதான் ஆச்சரியம்.

ஊருக்கு வெளியே ஒரு நூற்பாலையில் நூலின் தரம் பார்க்கும் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தார். நூலை அறுந்துபோகிற வரைக்கும் இழுத்துப் பார்த்து, இவ்வளவு தாங்கும் என்று சொல்வது அவர் வேலை. மில்லில் நூலை இழுத்துப் பார்த்தவர் வீட்டுக்கு வந்து மற்றவர்களை இழுத்துப் பார்த்தார். பெரிய ஃபிரிட்ஜ் வாங்கலாமா என்ற பேச்சு வந்தபோது, அதே உயரம் அதே அகலத்தில் ஒரு அட்டைப்பெட்டியைச் சமையலறையில் கொண்டுவந்து நிறுத்தினாராம். இடிக்கிறதா, கதவு திறக்க இடம் இருக்கிறதா என்று பார்க்க. அக்கா அதன் தலையில் உப்பு ஜாடியும் புளிப்பானையும் வைத்துப் பழகிவிட்டார். மழைக்காலம் வந்து போனது. அசல் ஃபிரிட்ஜ் வந்த அன்று, “அந்தப் பொட்டி எம்புட்டு அமைதியா நின்னுச்சு, இது உறுமுது” என்று அக்காவின் குறை வேறு.

காருக்கு இன்னும் மோசம். வாசலில் நான்கு மூலைக்கு நான்கு செங்கல் வைத்துவிட்டார். அதுதான் கார். வீட்டில் எல்லோரும் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். பால்காரர் ஒருநாள் தெரியாமல் சைக்கிளை நடுவில் நிறுத்திவிட, “ஏலே, கார் நிக்கிற எடம்டா அது!” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. நான் குடிவந்தபோதும் செங்கல் இருந்தது. கார் வரவில்லை. “சுத்திப் போகப் போகத்தான்மா தெரிஞ்சது, நமக்கு எடந்தான் வேணும், காரு வேணாம்” என்றார் என்னிடம். அதற்குப் பிறகு செங்கல்லை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

இதற்கெல்லாம் தாயான ஒத்திகையை அக்கா ஒருநாள் மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டே சொன்னார். பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை, சம்மதம் சொல்வதற்கு முன்னால், திண்டுக்கல்லிலிருந்து ஆயக்குடிக்குத் தனியாகப் பஸ் ஏறி வந்து வந்து போயிருக்கிறார். மாமனார் வீட்டுக்குக் காலமெல்லாம் வர வேண்டுமே, பஸ் எப்படி, கூட்டம் எப்படி என்று பார்க்க. வந்ததற்கு ஸ்டாப்பில் கொஞ்சம் கொய்யா வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்.

“எங்கப்பா தோப்புல நின்னு பாத்துப்போட்டு, ‘மாப்பிள்ள மில்லுல வேலைன்னு சொன்னாங்க, இவரு கொய்யா யாவாரியாட்டம் இருக்காரே’ன்னு தரகரக் கூப்புட்டு சத்தம் போட்டாரு கண்ணு. நாந்தான் சொன்னேன், இம்புட்டுத் தடவ வந்தவரு விட்டுட்டுப் போகமாட்டாருன்னு.”

அக்காவின் முடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இடுப்புக்குக் கீழே இறங்கும். சாயம் தொட்டதே கிடையாது. நெற்றியிலிருந்து ஒரு பட்டை வெள்ளை கிளம்பி, கறுப்புக்குள் புகுந்து புகுந்து நுனி வரைக்கும் ஓடும். தலைக்குக் குளித்துவிட்டு மாடியில் காயவைக்கும்போது நான் துணி உலர்த்துகிற சாக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்துக்கொண்டிருந்தது நான் மட்டுமில்லை.

அவர்களுடைய ஒரே மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். நாள் கணக்குக்கு முன்பே வலி வந்து, குழந்தை கைக்குள் அடங்குகிற அளவில் பிறந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பேரனை வெளியில் நின்று பார்த்துக்கொண்டே அக்கா பழனி முருகனுக்கு முடியை நேர்ந்துவிட்டார். அதற்கு ஒத்திகையும் இல்லை, யோசனையும் இல்லை. பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்து, கன்னம் வைத்து, ராத்திரியெல்லாம் மாடி வரைக்கும் கேட்கிற மாதிரி அழவும் ஆரம்பித்தது. ஆடிக் கிருத்திகைக்கு முடி கொடுப்பது என்று நாள் குறித்தார்கள்.

அன்று அக்கா கணவரிடம் ஒன்று கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் புகைப்படப் பைத்தியம். வயலும் மலையும் மாடும் எடுத்துத் தள்ளியிருந்தார். வீட்டில் அக்கா படம் என்று பார்த்தால் கல்யாண ஆல்பத்தோடு சரி.

“ஏனுங்க, முடி குடுக்கறதுக்குள்ள இதோட என்னைய ஒரே ஒரு போட்டா எடுத்துப்போடுங்க. அப்பறம் நாம் பாக்கோணும்னு ஆசப்பட்டா இருக்கோணுமில்லீங்க?”

அவர் அக்காவின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அதுக்குன்னு ஒரு கேமரா இருக்கு” என்றார்.

கறுப்பு வெள்ளை மட்டுமே எடுக்கிற டிஜிட்டல் கேமரா. அப்படி ஒன்று உலகத்தில் விற்பனைக்கு இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். “உங்க பழைய கேமராவிலயே கறுப்பு வெள்ளை வருமே சார்” என்றேன்.

“வரும்மா. அது கலர எடுத்துட்டு அப்பறம் அழிக்கிறது. கலர் கேமராவுக்குள்ள வெளிச்சம் விழுகிற தகடு இருக்குல்ல, அது மேல செவப்பு, பச்ச, நீலம்னு பொடிப்பொடியா கண்ணாடி போத்தியிருப்பாங்கெ. பாதி வெளிச்சத்த அதுவே தின்னுரும். இதுல அந்தப் போர்வையே கெடையாது. வாரது அம்புட்டும் வெளிச்சம். இவ முடி இழை இழையா நிக்கும்.” குரலைத் தாழ்த்தினார். “ஒரே சங்கடம். இதுல எடுத்துட்டா, பெறகு கலர் வேணும்னு நெனச்சாலும் வராது. போனது போனதுதான்.”

எங்கேயும் திரும்பி வர ஒரு வழி வைத்துக்கொண்டே காலை எடுத்து வைக்கிற மனிதர், திரும்பவே முடியாத ஒரு கேமராவின் மேல் ஆசைப்பட்டிருந்தார்.

“கறுப்பு வெள்ள டிவியக் குடுத்துப்போட்டுத்தான கலர் டிவி வாங்குனோம்?” என்றார் அக்கா. “இப்ப கலரு இல்லாததுக்கு அதிகக் காசாக்கும்? சட்டி இல்லாத அடுப்புக்கும் வெல கூட்டிச் சொல்லுவானுங்க, நீங்க போயி வாங்கிட்டு வாங்க.”

ஒத்திகை மறுநாளே தொடங்கியது. முதலில் செல்போன் திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொண்டார். நிறமில்லாமல் தன்னால் இருக்க முடிகிறதா என்று பார்க்கவாம். கடைக்குப் போன மகள் குழந்தைக்கு மூன்று சட்டைகளைப் படம் எடுத்து அனுப்பி, எந்தக் கலர் என்று கேட்க, “மூணும் ஒண்ணுதானே, எதுக்கு மூணு?” என்று பதில் போட்டார். அவள் கோபித்துக்கொண்டு மூன்றையும் வாங்கி வந்துவிட்டாள். பிறகு பழைய கேமராவைக் கறுப்பு வெள்ளைக்குத் திருப்பி, மறுபடி மாற்றிவிடக் கூடாது என்று அந்தப் பொத்தான் மேல் பிளாஸ்திரி ஒட்டினார். பேரனுக்குப் பேர் வைத்த படங்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் போயின. அதைப் பார்த்த சம்பந்தி அம்மாள் ஆல்பத்தை மூடிவிட்டு, “நல்ல காரியத்துல எடுத்ததா இது?” என்று ஒரே கேள்வி கேட்டார்.

இதெல்லாம்கூடப் பொறுக்கலாம். அதற்கடுத்து வந்ததுதான் நூல்.

மில்லிலிருந்து கறுப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்றாக இரண்டு பெரிய நூல் கற்றைகளை வாங்கி வந்தார். இரண்டையும் கலந்து கோதி, துணி மாட்டுகிற கம்பத்தில் அக்கா உயரத்துக்குத் தொங்கவிட்டு, மொட்டைமாடியில் நிறுத்தினார். அக்காவின் முடிக்கு அது மாற்று ஆள். காலை வெயிலில், மத்தியானத்தில், சிறுமலைப் பக்கம் மேகம் கட்டும்போது என்று விதவிதமாக அந்த நூலை எடுத்தார். காய்கிற என் துணிகளுக்கு நடுவே தினமும் யாரோ ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது போல இருக்கும். ஒரு விடிகாலையில் நான் அதைப் பார்த்துப் பயந்து அலறினேன்.

“சார், அக்கா கீழதானே இருக்காங்க. அவங்களையே கூப்பிட்டு எடுத்தா என்ன?”

“எடுக்கலாம்மா. மொதல்ல வெளிச்சக் கணக்கு சரியா வரட்டும். அவள ஒருக்கா ஒக்கார வச்சா, அது சரியா அமையணும்ல.”

அக்காவுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், வேறொன்று இன்னொரு பக்கம். “நூலுக்கு வந்த வாழ்வப் பாரு கண்ணு” என்று என்னிடம் சொன்னவர், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். எனக்கு சார் மேல் முதல் தடவையாகக் கோபம் வந்தது.

கிருத்திகைக்குச் சில நாள் முன்பு, சென்னையில் கேமரா வாடகைக்குக் கொடுக்கிற கடையிலிருந்து அந்தக் கறுப்பு வெள்ளைக் கேமராவே வந்து இறங்கியது. வாங்குவதா வேண்டாமா என்பதற்குக் கடைசி ஒத்திகை. பெட்டியைப் பிரித்த கையோடு அக்காவை எடுத்திருக்கலாம். புதுக் கேமராவின் குணம் தெரிய வேண்டும் என்று மறுபடியும் நூலிடம் போனார்.

கிருத்திகை அன்று காலை. வாடகைக் காருக்குச் சொல்லியிருந்தார்கள். பழனியில் கூட்டம் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். அக்கா தலைக்குக் குளித்து, முடியை விரித்துவிட்டு, மாடியில் போட்டிருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். என் கையில் பெரிய தெர்மாகோல் அட்டை. வெயிலை அக்காவின் முகத்துக்குத் திருப்புவது என் வேலை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், தெர்மாகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னால் என்ன ஆவது? நான் அட்டையோடு மாடி முழுவதும் தள்ளாடிக்கொண்டிருந்தேன். அக்கா மட்டும் அசையவில்லை. காற்று முடியைத் தூக்கித் தூக்கி விட்டது. கறுப்பும் வெள்ளையும் தனித்தனியாகப் பிரிந்து மறுபடி சேர்ந்தன. அப்படி ஒரு அழகை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அவர் கேமராவைத் தூக்கினார், இறக்கினார். பிறகு போய் அந்த நூல் கம்பத்தைத் தூக்கி வந்து அக்காவின் பக்கத்தில் நிறுத்தினார்.

“செத்த நேரம். நூலுக்குப் போட்ட கணக்கு இதுக்கும் ஒத்து வருதான்னு ஒரு தடவ பாத்துக்கிறேன்.”

“சார், அமுக்குங்க சார்!” என்று கத்தினேன்.

மேகம் வந்து வெயிலை மூடியது. விலகட்டும் என்றார். விலகியது. என் அட்டை இரண்டாக ஒடிந்து ஒரு பாதி பக்கத்து வீட்டுக்குப் போனது. கீழே கார் ஹாரன் அடித்தது. “அம்மா, பையன் அழுகுறான், டிரைவர் சத்தம் போடுறாரு!” என்று மகள் கூப்பிட்டாள். அவர் கண்ணைக் கேமராவில் வைத்து, நூலைப் பார்த்து ஒரு தடவை அமுக்கினார். திரையைப் பார்த்தார். “ம், இப்ப சரியா இருக்கு” என்று சந்தோஷமாக நிமிர்ந்தார்.

நாற்காலி காலியாக இருந்தது. அக்கா முடியை அள்ளிக் கொண்டையாக முடிந்துகொண்டு படியில் பாதி இறங்கியிருந்தார். “நேரமாச்சுங்க. சாமி காரியம். வாங்க” என்ற குரல் மட்டும் மேலே வந்தது. அந்தக் குரலில் கோபம் துளிகூட இல்லை. கேமராவைக் கழுத்தில் மாட்டியபடி அவர் பின்னாலேயே ஓடினார்.

பொழுது சாயும்போது திரும்பி வந்தார்கள். பஞ்சாமிர்தம் கொடுக்க அக்கா மாடிக்கு வந்தார். மொட்டைத் தலை நிறையச் சந்தனம். “தல பஞ்சாட்டம் இருக்குது கண்ணு. காத்து நேரா மண்டைக்குள்ள போகுது” என்று சிரித்தார். கூட வந்த சார் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றார். காலையில் மாட்டிய கேமரா இன்னும் கழுத்தில் தொங்கியது.

“அங்கயாவது எடுத்தீங்களா சார்?”

“இல்லம்மா.” கேமரா வாரைத் திருகிக்கொண்டே சொன்னார். “எதுத்தாப்லதான் நின்னேன். கத்தியால மொத வழி வழிச்சதும் அவ மடியில வந்து விழுந்துச்சு, கறுப்பும் வெள்ளையுமா. கையத் தூக்கவே முடியல.”

திட்ட வேண்டும் என்று காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எனக்குப் போன இடம் தெரியவில்லை. பாவமாக இருந்தது.

“முடிதானுங்க, வளந்துட்டுப் போகுது” என்றார் அக்கா.

“வளரும். அதே மாதிரி வராது. இனி மொத்தமும் வெள்ளையாத்தான் வரும்.”

“வரட்டுமுங்க. கறுப்புக்குத்தான் நீங்க இருக்கீங்களே.”

சார் நல்ல கறுப்பு. முதலில் சிரித்தது நான்தான். அக்கா அவர் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, அவர் முழங்கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டார். “எடு கண்ணு.”

“செத்த இருங்கம்மா, வெளிச்சம் கொறையுது, அந்த மேல இருக்கிற திருகாணியக் கொஞ்சம்…”

அமுக்கிவிட்டேன். வாய் திறந்தபடி, எனக்குத் திருகாணியைக் காட்டக் கையை நீட்டியபடி அவர் இருக்கிறார். பக்கத்தில் அக்கா சந்தனத் தலையோடு கண்ணை மூடிச் சிரிக்கிறார்.

மறுநாள் காலை அக்கா மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். முகமெல்லாம் கலவரம்.

“கண்ணு, செத்த கீழ வா. அவரு போன் போட்டு அந்தக் கேமராவுக்கே சொல்லிப்போட்டாரு. புதுசு. ஒரு வார்த்த யோசிக்கல, ஒரு அட்ட வச்சுப் பாக்கல. எனக்குப் பயமா இருக்குது. டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போலாமா?”

இறங்கிப் போனேன். வாடகைக் கேமராவைத் திருப்பி அனுப்பப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“ஒத்திகை முடிஞ்சுதா சார்?”

“பாத்தது போதும்மா. ராத்திரி இதுல இருக்கிறத எல்லாம் தள்ளித் தள்ளிப் பாத்தேன். அம்புட்டும் நூலு. அவ இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. அதும் நீங்க எடுத்தது.”

“முடியெல்லாம் போன பிறகு இது எதுக்கு?” நான் கேட்டது கொஞ்சம் கொடூரம்தான்.

“போனது போயிருச்சு. இனிமே மொளைக்கிறதயாச்சும் மொதல்லருந்து பாக்கணும்ல?” என்றவர் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். பின்னால் நின்றிருந்த அக்காவுக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. கிட்டே போய் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

புதுக் கேமரா வந்து சேர்வதற்குள் எனக்கு நாகர்கோவிலுக்கு மாற்றல் வந்துவிட்டது. புது ஊரில் ஒரே பார்வையில் ஒரு வீட்டைப் பிடித்து, அட்வான்ஸ் கொடுத்து, தண்ணீர் வராததைப் பிறகு கண்டுபிடித்தேன். அதற்காக வீட்டுக்காரரோடு சண்டையில் இருந்தபோது ஒருநாள் செல்போனுக்கு ஒரு படம் வந்தது.

அக்கா. தலையில் விரற்கடை அளவு முடி, அவர் சொன்னபடியே மொத்தமும் வெள்ளை. யாரோ கூப்பிட்டது போலத் திரும்பிச் சிரித்திருக்கிறார். முகம் ஒரு பக்கமாகக் கலைந்திருந்தது. மாடிச் சுவர் சாய்ந்திருந்தது. மில்லில் இந்த லட்சணத்தில் ஒரு நூல் வந்திருந்தால் தரமில்லை என்று சார் கழித்திருப்பார். படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்:

“எடுக்கயில ஆடிப்போச்சும்மா. அவ சிரிச்சுட்டா. இன்னொன்னு எடுக்கலாம்னு தூக்குனேன். இதுவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”